சமாதிக்குள்ளே யாரு?

போன் அலறியது.

பர்ச்செல் எடுத்தான். வக்கீல்!

"பர்ச்செல்! ஜட்ஜம்மா கிளம்பிட்டாங்க. உன் தாத்தா சமாதியைத் திறக்கப் போறாங்க!"

"தி... திறக்கவா? எதுக்கு சார்?"

"ஹோப்டன் மனு போட்டிருக்கான்யா. அது வெறும் சமாதி, போன மார்ச்சுல கட்டினதுன்னு சொல்றான். எலும்பு இருந்தா நிலம் உனக்கு. காலின்னா நிலமும் போச்சு, பொய் சொன்னதுக்கு ஜெயிலும் உண்டு. உள்ளே தாத்தா இருக்காருல்ல?"

"இ... இருக்காரு சார்."

இல்லை!

தாத்தா கரும்பு வெட்ட கியூபா போனவர். எந்த மண்ணில் கிடக்கிறாரோ, யாருக்கும் தெரியாது.

அதே நிலத்துக்கு ஹோப்டனிடம் பத்திரம் இருந்தது. பர்ச்செலிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஜமைக்காவின் இந்த மலையில் காகிதம் இல்லாதவனுக்கு, வாசலில் புதைத்த பிணம்தான் பட்டா.

அதனால் அவனே கட்டினான். கல்லில் 1951 என்று வெட்டினான். சாணித் தண்ணீர் ஊற்றிப் பாசி பிடிக்க வைத்தான். மூடியைச் சும்மா மேலே வைத்து, மூன்று நாள் காயவிட்டு, நான்காம் நாள் சிமென்ட் வைத்துப் பூசினான்.

ஊர் பார்க்கட்டும் என்று, முன்னோருக்குப் படைப்பதுபோல தினமும் அதன் மேல் ரம் தெளித்தான். முதலில் நடிப்பு. இப்போது... பயம்!

"சொன்னேன்ல?" மனைவி வினெட் கிசுகிசுத்தாள். "ஆளில்லாத சமாதி கட்டினா, போக்கிடம் இல்லாத டப்பிப் பேய் ஏதாவது வந்து குடியேறிடும். பட்டப்பகல்ல அந்தப் பக்கம் போனாலே முதுகுல யாரோ மூச்சு விடறாங்க!"

"வாயை மூடுடி. டப்பியாவது பேயாவது!"

சொன்னான். ஆனால் அன்று ரம் தெளிக்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஜட்ஜம்மா, சார்ஜென்ட் டாகர். பின்னாலேயே ஹோப்டன்.

"பைபிள் மேல கை வை. இதை யாரு கட்டினது?"

"எங்கப்பா, ஜட்ஜம்மா."

"அப்புறம் யாராவது திறந்தாங்களா?"

"ஈ எறும்பு நுழையல. ராப்பகலா நான்தான் காவல்."

குமாஸ்தா எழுதிக்கொண்டான்.

கடப்பாரை இறங்கியது. மூடி முனகியது... நகர்ந்தது...

"ஐயோ!"

வினெட் அலறினாள்.

உள்ளே ஒருவர் படுத்திருந்தார்! மக்கிப்போன சட்டை. அதற்குள் எலும்புகள்.

பர்ச்செல் எட்டிப் பார்த்தான். தாத்தா...! கடலைத் தாண்டி நடந்தே வந்துட்டாரா? பேரன் மானத்தைக் காப்பாத்தவா?

"யாரு இது?" ஜட்ஜம்மா கேட்டார்.

"தாத்தா! சத்தியமா எங்க தாத்தா!" விம்மினான்.

"எழுதிக்கோ."

சார்ஜென்ட் டாகர் குனிந்து எலும்புகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஹோப்டன் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திறக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவன், நிதானமாகச் சிகரெட் பற்றவைத்தான்.

பர்ச்செல் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான்.

மார்ச்... மூடி பூசாமல் கிடந்த அந்த மூன்று நாள்... நிலம் அளக்க வந்த சர்வேயர், 'ஹோப்டன் பத்திரத்துல எல்லையே பொய், கோர்ட்டுல சொல்றேன்'னு சொல்லிட்டுப் போனவர், அதே வாரம்தானே காணாமல் போனார்?

"ஜட்ஜம்மா! இது தாத்தா இல்ல! சமாதி காலியா இருந்துச்சு! நான்தான் கட்டினேன்! ஹோப்டன்தான் இதுல..."

"அடப்பாவமே!" ஹோப்டன் புகையை ஊதினான். "நிலம் கைக்கு வர்ற நேரத்துல இவனுக்குப் புத்தி கலங்கிருச்சு."

"பர்ச்செல்," ஜட்ஜம்மாவின் குரல் கல்லாக இருந்தது. "இப்பதானே பைபிள் மேல கை வெச்சுச் சொன்னே. உன் வாயால வந்தது எழுத்துல ஏறியாச்சு. இனி அழிக்க முடியாது."

சார்ஜென்ட் டாகர் எலும்பு மணிக்கட்டை மெல்லத் தூக்கினார்.

"தாத்தாவை அருமையாப் பார்த்துக்கிட்டேப்பா! செத்தது ஐம்பத்தொண்ணுல... கையில வாட்ச் இன்னிக்குத் தேதி காட்டுது. பேட்டரி மாத்தறதும் உன் காவல் வேலையா?"