கூரையைத் தாங்கிய தண்ணீர்

வெண்பாறை நகரில் யாரும் எழுந்த உடனே கட்டிலை விட்டு இறங்கிவிட மாட்டார்கள். முதலில் ஒரு காலை மட்டும் தரையில் வைத்துக் காத்திருப்பார்கள். குதிகாலில் பதித்திருக்கும் 'நிலச்செவி' என்ற சில்லு பூமிக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்கும். கெட்டித் தரை என்றால் மெல்ல அதிரும். அதிராவிட்டால் அடியில் பொந்து. அன்றே வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான். குழந்தை நடை பழகும் முன்பே இந்தச் சில்லைப் பதித்துவிடுவார்கள்.

ஊர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் காலங்காலமாகக் கரைத்து உள்ளே குகைகளாக்கியிருந்தது. அவற்றை வரைபடமாக்குவது இன்பவல்லியின் வேலை. 'துளைமீன்' என்ற விரல் நீள இயந்திரத்தை ஆழ்துளைக் கிணற்றில் விடுவாள். அது நீருக்குள் நீந்திப் போய்ச் சுவர்களை அளந்து படம் அனுப்பும்.

அன்று வந்த படத்தை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். சந்தை, பள்ளிக்கூடம், அவளுடைய தெரு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குகை. மேல்கூரையோ மெல்லிய தகடு போல இருந்தது. குகை நிறையத் தண்ணீர் இருந்ததால் நிலச்செவிகள் அதையும் கெட்டித் தரை என்றே நம்பியிருந்தன.

மதியமே சந்தையில் ஊர்க்கூட்டம் கூடியது.

"அந்தத் தண்ணிதான் கூரையைத் தாங்கிட்டு நிக்குது" என்றாள் இன்பவல்லி. "மட்டம் இறங்கினா கூரை விழுந்துரும். இனிமே ஒரு மோட்டாரும் ஓடக்கூடாது."

"இன்னைக்கேன்னா சனங்க தவிச்சுப் போயிருவாங்கம்மா. நாளைக் காலையிலருந்து நிறுத்திருவோம்" என்றார் நகர்மன்றத் தலைவி சவரியம்மாள்.

இன்பவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வழக்கமாக எடுக்கும் அளவுதான் என்றால் ஒரு நாள் தாங்கும். சரி என்றாள். நம்பாமல் சிரிப்பார்களோ என்றுதான் பயந்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் நின்ற இடத்திலிருந்து நகரவே அஞ்சினார். எல்லோரும் கையை உயர்த்தி ஒப்புக்கொண்டு, வேகவேகமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

வரைபடத்தைத் தன் துறையின் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டு அவள் தெருவுக்குள் நுழையும்போது, மணிக்கட்டுத் திரையில் குகையின் நீர்மட்டம் விழுந்துகொண்டிருந்தது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். பிறகுதான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய வீட்டில் டிரம், வாளி, அண்டா எல்லாம் தளும்பி நின்றன. கணவன் அமலதாஸ் குக்கரிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"நாளையிலருந்து மோட்டார் கிடையாதுன்னு நீதானே சொன்ன! இது ஒண்ணுதான் பாக்கி, இரு."

"நிறுத்துங்க! கீழ மட்டம் சரியுது!"

"ஊரே பிடிக்குது வல்லி. நாம மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போகுது?"

அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். காலை ஊன்றினாள். குதிகால் அதிரவில்லை.

மகளை வாரி எடுத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்த அபாயச் சங்கை அழுத்தியபடி, ஊருக்கு வெளியே வடக்கே இருந்த கருங்கல் மேட்டை நோக்கி ஓடினாள். அமலதாஸ் பின்னால் ஓடி வந்தான். தெருவெல்லாம் ஆட்கள், சிலர் இடுப்பில் குடம். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது சந்தை நடுவில் குழிந்தது. பிறகு பெருமூச்சு விட்டது போன்ற சத்தத்தோடு தெருக்கள் ஒவ்வொன்றாய் உள்ளே போயின. மாடித் தொட்டி வழிகிறதென்று மோட்டாரை அணைக்கத் திரும்பிப் போன சவரியம்மாள் வரவேயில்லை.

தப்பியவர்களைப் பக்கத்து ஊரான நெடுங்குளத்தில் தங்க வைத்தார்கள். சோறு கொண்டு வந்த அந்த ஊர்க்காரர்களிடம் இன்பவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க ஊரும் இதே பாறைதான். உங்களுக்கும் சீக்கிரம் மோட்டாருக்குத் தடை வரும். அதுவரைக்கும் பார்த்து எடுங்க."

அவர்கள் கண் இமைக்காமல் கேட்டார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பாதிச் சோற்றைப் பரிமாறாமலே வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"நம்பிட்டாங்க வல்லி" என்றான் அமலதாஸ் நிம்மதியாக.

அவள் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்தது.