எடித் அம்மாவின் சொல் கேட்ட றிவோல்வர்

"இந்தத் துவக்கு என்ர சொல்லைக் கேக்குதில்லை ஐயா. அந்த மனுசியின்ர சொல்லைத்தான் கேக்குது."

விடிந்தும் விடியாத நேரத்தில் மன்னார் நகரத்திலுள்ள அருளப்பனின் வீட்டுக்கு வந்து, ஒரு தகரப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, கிறகரி இப்படித்தான் தொடங்கினார். தோட்டவெளியில் தென்னந்தோட்டம் வைத்திருப்பவர். அருளப்பன் ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர். எப்பேர்ப்பட்ட புதினச் சேதியையும் சந்தையில் மீன் விலை கேட்பவரைப் போல அமைதியாகக் கேட்பார். பக்கத்தில் இருந்த றஊப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. தபால் கந்தோர் எழுதுவினைஞரான அவர், முத்திரை குத்தாத நேரமெல்லாம் அருளப்பனோடுதான் இருப்பார். இப்போதே கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆர் அந்த மனுசி?" என்றார் றஊப்.

"எடித் அம்மா. அவவின்ர புருசன் முத்துக்குளிப்புக் கந்தோரில இருந்தவர். அவர் செத்தாப் பிறகு சும்மா கிடந்த றிவோல்வரை நான் வாங்கினன். அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில லைசென்ஸும் எடுத்திட்டன்."

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு மறுவருடம் அது. புதுத் துவக்குகள் எல்லாம் பட்டாளத்துக்கே போதாத காலம். பழசு அகப்பட்டாலே அதிர்ஷ்டம்.

"குண்டைத் தட்டுற குதிரையைக் கையால இழுக்கத் தேவையில்லை, ஐயா. விசையை அழுத்தினாலே அது தானா எழும்பி விழும். அவவின்ர வீட்டில அழுத்திப் பாத்தனான், வெண்ணெய் மாதிரிப் போச்சுது. என்ர வீட்டில அடுத்தநாள் காலமை இறுகிப்போய்க் கிடக்குது. சைக்கிளில வைச்சு மத்தியான வெயிலுக்க அவவிட்டக் கொண்டுபோனன். அவ அழுத்தினா, டக்கெண்டு விழுந்துது! திரும்பக் கொண்டுவந்தா, விடியக்காலமை பழையபடி. இப்பிடியே ரெண்டு தரம்."

"துவக்கு என்னத்துக்கு?" என்றார் அருளப்பன்.

கிறகரியின் முகம் கறுத்தது. "எங்களைப் பெத்த அப்பு விட்டிட்டுப் போன காணி. இண்டைக்கு மத்தியானம் தம்பி டொமினிக் வந்து நடுவால வேலி போடப்போறானாம். காலை வைக்கட்டும், சுடுவன்."

அதில் வெறும் வாய்வீச்சு இல்லை என்பது றஊப்புக்கே விளங்கியது.

"அப்ப நான் இதைத் திருத்தித் தந்தால் உங்கட வீட்டில ஒரு சாவு. திருத்தாட்டி?"

"எடித் அம்மா ஏமாத்துக்காரி எண்டு பொலிசுக்குப் போவன்."

அருளப்பன் பெட்டியைத் திறந்து, குண்டுகளைக் கழற்றிவிட்டு விசையை அழுத்தினார். இம்மியும் அசையவில்லை. துவக்கைச் சுற்றியிருந்த துணியில் மஞ்சளாக ஒரு கறை. விசையின் இடுக்கிலிருந்து சிற்றெறும்புகள் ஊர்ந்து வந்தன. றஊப் அவற்றை ஊதித் தள்ளினார்.

"ஊதாதையுங்கோ றஊப். அதுகள் சும்மா வரயில்லை."

எடித் அம்மாவின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. போகும் வழியெல்லாம் றஊப் தன் கட்சியை நிலைநாட்டினார்: அந்த அம்மாவிடம் ஒரே மாதிரி இரண்டு துவக்குகள் இருக்கின்றன, நல்லதைக் காட்டுகிறார், கெட்டதைக் கொடுக்கிறார்.

"லைசென்ஸில உள்ள நம்பர்தான் துவக்கிலயும் கிடக்குது," என்று அருளப்பன் ஒரே வரியில் அந்தக் கோட்டையை இடித்துவிட்டார்.

எடித் அம்மா விசையை அழுத்தினார். அவருக்கும் அசையவில்லை. நல்ல மனுசிக்கு அழுகையே வந்துவிட்டது. "மாதாவே! முந்தாநாளும் விழுந்துதே. நான் ஆரையும் ஏமாத்தேல்லை ஐயா."

"தெரியும் அம்மா. எங்களோட தோட்டவெளிக்கு வாங்கோ."

பெற்றோல் தட்டுப்பாட்டில் மாட்டு வண்டில்தான் கிடைத்தது. எல்லோரும் கூடாரத்துக்குள் ஒண்டிக்கொண்டார்கள். தகரப் பெட்டியை மட்டும் வண்டிலின் முன்பக்கம், வெயில் கொளுத்தும் இடத்தில் வைக்கச் சொன்னார் அருளப்பன். நிழலில் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று றஊப் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். கிறகரியின் மனைவி பெற்றிசியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைக் கண்டதும் அவர் மூலையிலிருந்த மாதா சுரூபத்தைத் திரும்பிப் பார்த்தார். அதன் முன்னால் ஒரு மெழுகுதிரி நின்றது. அரைச் சாண்கூட இல்லை. ஆனால் அதன் திரி வெள்ளை வெளேரென்றிருந்தது.

"கடையில மெழுகுதிரியே இல்லையே. இது எங்கால?" என்றார் அருளப்பன்.

"மடு மாதா கோயிலில வாங்கினது. காட்டுத் தேன்மெழுகில செய்தது. இவருக்காக நேந்து வைச்சனான்."

அருளப்பன் பெட்டியிலிருந்து றிவோல்வரை எடுத்து விசையை அழுத்தினார். குதிரை எழும்பி, டக்கென்று விழுந்தது. கிறகரி துள்ளி எழுந்தார்.

"இருங்கோ. இது ஆரின்ர சொல்லையும் கேக்கேல்லை, வெயிலின்ர சொல்லைத்தான் கேட்டது. குளிரில இறுகும், சூட்டில இளகும். துருவெண்டால் அப்பிடிச் செய்யாது. அப்ப உள்ளுக்கு என்ன?"

"கொழுப்பு?" என்றார் றஊப்.

"கொழுப்பெண்டால் நாறும். இதில தேன் மணக்குது. எறும்புகள் எங்களுக்கு முந்தியே கண்டுபிடிச்சிட்டுதுகள். துணியில மஞ்சள் கறை, இளகி வடிஞ்சது. அங்க பாருங்கோ, கொளுத்தாமலே கட்டையான மெழுகுதிரி. அடியில வெட்டியிருக்குது."

கிறகரி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் பெற்றிசியா. பயத்தில் தொடங்கிய குரல் போகப்போகக் கோபமானது. "ஒளிச்சா, துவக்கு எங்கயெண்டு கேட்டு இந்தச் சண்டைக் காலத்தில பொலிஸ் உங்களைத்தான் பிடிச்சு அடைக்கும். உடைச்சா திருத்திப்போடுவியள். அதான் நீங்கள் படுத்தாப் பிறகு மெழுகை உருக்கி ஊத்தினன். இளக இளகத் திரும்ப ஊத்தினன். துவக்கைக் கையில வைச்சுத் தம்பியை வெருட்டிப்போட்டு, உள்ள வந்து சோத்தைத் தின்னுவியள் எண்டு நினைச்சன். பிள்ளையளின்ர தகப்பன் தூக்கில தொங்க வேண்டாம். எடித் அம்மாவில பழி விழுமெண்டு நான் நினைக்கேல்லை."

எடித் அம்மா பெற்றிசியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை.

"நல்ல மனசு தங்கச்சி," என்றார் அருளப்பன். "ஆனா டொமினிக் மத்தியானம் வாறார் எண்டதை யோசிக்கேல்லை. விடியக்காலமை சுடாத துவக்கு மத்தியானத்தில சுடும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, வெளியே குழி தோண்டும் அலவாங்கு நிலத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. "அண்ணை! வேலி போட வந்திட்டம்!"

கிறகரி றிவோல்வரைப் பறித்தார். றஊப் கத்திக்கொண்டு பாய்வதற்குள் அவர் வாசலில் நின்றார். முற்றத்துக்கு அப்பால் ஒரு முதுகு குனிந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தது. கிறகரி கையை நீட்டினார். விசையை அழுத்தினார்.

டக்.

வெண்ணெய் மாதிரிப் போனது. அவ்வளவுதான் சத்தம். குனிந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அருளப்பன் சட்டைப் பையிலிருந்து குண்டுகளை எடுத்து, கிறகரியின் கண்முன் உள்ளங்கையை விரித்தார். "விடியத் தொடக்கம் இதுகள் என்னட்டத்தான் இருக்குது. இல்லாட்டி உங்கட தம்பி இப்ப செத்துக் கிடப்பார்."

கிறகரி வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். துவக்கு கையிலிருந்து நழுவி விழுந்தது. முழு மனதோடுதான் அழுத்தினார், அதை அவரே அறிந்துகொண்டார். வாய்விட்டு அழுதார். பெற்றிசியா அவருடைய தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

கிறகரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"அவனைக் கூப்பிடு," என்றார் மனைவியிடம்.

பெற்றிசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"வெயிலுக்க நிக்கிறான். உள்ள வரச்சொல்லு."