பிளாஸ்திரி ஒட்டிய கீபோர்டு

"தமிழே வராதுன்னா எதுக்குண்ணே கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கீக?"

ஏழாம் வகுப்பு படிக்கும் காளீஸ்வரிக்கு மூக்குக்கு மேலே கோபம்.

அவள் அம்மா சந்தனம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே தறியை ஓட்டச் சுற்றுகிற பெல்ட்டுக்கு மூடி கிடையாது. போன வாரம் அது அம்மாவின் சேலையை இழுத்துவிட்டது. கூட வேலை செய்யும் கனகலட்சுமி ஓடிப்போய் சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது.

மூடி போடச் சொல்லி எழுதிய மனுவை ஸ்ரீவில்லிபுத்தூரில் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசில் வாங்கவில்லை. "கையெழுத்து புரியலை, டைப் அடிச்சு வாங்க" என்று விரட்டிவிட்டார்கள். அதிகாரி இன்று ஐந்து மணிவரைதான் இருப்பார். இனி அடுத்த மாதம்தான். இப்போதே மணி மூன்று.

சென்டர் வைத்திருக்கும் ஜேசுதாசன் அலட்டிக்கொள்ளவில்லை. "விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டதுல இருந்து தமிழ் வரமாட்டேங்கு. அதான் ஒவ்வொரு பொத்தான்லயும் பிளாஸ்திரி ஒட்டி எழுத்து எழுதியிருக்கேன்ல? பாத்து அடி."

'க' என்று எழுதியிருந்த பொத்தானை அமுக்கினாள். திரையில் k வந்தது.

"பிளாஸ்திரி ஒட்டுனா சரியாகுறதுக்கு இதென்ன புண்ணா?"

அவள் செட்டிங்ஸைத் திறந்தாள்.

"ஏட்டி, அதுல கை வைக்காத!"

"வைப்பேன். எங்க பள்ளிக்கூடத்துலயும் இதே லினக்ஸ்தான்."

கீபோர்டு பக்கத்தில் ஆங்கிலம் மட்டும் இருந்தது. கீழே பிளஸ் குறி. அதை அமுக்கி, பள்ளிக்கூடத்தில் பழகிய 'தமிழ்99' எழுத்து வரிசையைச் சேர்த்தாள். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸைத் தட்டினாள். மூலையில் en போய் ta வந்தது. பழைய பொத்தானையே அமுக்கினாள். 'ம' வந்தது.

"பாத்தியா, கெடுத்துட்ட!"

"இடம் மாத்தி ஒட்டுனது நீங்க!" பிளாஸ்திரி அம்புட்டையும் பிய்த்தெறிந்துவிட்டு மனுவை மடமடவென்று அடித்தாள்.

"தயவுசெஞ்சுன்னு போடுத்தா," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா.

"போட மாட்டேன்."

"ஒரே ஒருக்க."

ஒரே ஒருக்கப் போட்டாள்.

பிரிண்ட் வரும்போது ஜேசுதாசன் தலையைச் சொறிந்தார். "அச்சுத்னு ஒரு பையன் தெலுங்குல லெட்டர் அடிக்கணும்னான்..."

"அதுக்கும் அதே பிளஸ்தான்ணே." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தெலுங்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆபீசுக்குள் ஓடினார்கள். அதிகாரி காகிதத்தை வாங்கி ஓரமாக வைத்தார். "சரி, போங்க."

காளீஸ்வரி நகரவில்லை. "இப்ப எழுத்து புரியுதா சார்? படிங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு படித்தார். சேலை சிக்கிய இடம் வந்ததும் போனை எடுத்தார்.

மறுவாரம் பெல்ட்டைச் சுற்றி இரும்புக் கூண்டு வந்தது. சந்தனம் அதைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தறியை ஓட்டினாள்.