பத்தாவது விலா

"மூச்ச நல்லா இழுங்க... புடிச்சுக்குங்க..."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற சனா, எக்ஸ்ரே பட்டனில் விரலை வைத்தாள்.

செல்போன் அலறியது!

அம்மா ஜமீலா.

"சனா! உங்கண்ணன போலீஸ் புடிச்சுட்டுப் போயிட்டாங்கடி! கொலைக் கேசாம்!"

"என்னம்மா சொல்றே?"

"எஸ்டேட்டு மேக்ஸ்வெல் மொதலாளிய நவாஸ்தான் கொன்னுட்டான்கறாங்க! ஊட்டுக்கு வாடி..."

லைன் அறுந்தது.

சனா சிலையாக நின்றாள். உள்ளே, போர்டைக் கட்டிப் பிடித்தபடி நின்ற முத்தாயியின் முகம் சிவந்து, கண்கள் பிதுங்கின.

"ஏங்கண்ணு... உட்றலாமுங்களா?"

"ஐயோ! விட்டுருங்கக்கா! வெளியில பெஞ்சுல உக்காருங்க. கொஞ்ச நேரங் கழிச்சு எடுக்கறேன்."

"மொத மொதலா இந்த மெசினுக்கு முன்னால வந்து நின்னேன். எனக்குன்னு வாய்க்குது பாரு!"

இருமிக்கொண்டே வெளியே போனாள் முத்தாயி. வாழவந்தியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள். மேக்ஸ்வெல் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள்.

சனாவுக்கு இருபத்திரண்டு வயது. சேலத்தில் மாலை வகுப்பில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு. ஏற்காட்டில் இந்த ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். எதைச் செய்தாலும் தப்பாகிவிடுமோ என்று பயம். அதனால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவாள். ஒரு படத்தை மூன்று முறை சரிபார்ப்பாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் வேடியப்பன் உள்ளே வந்தார். பின்னாலேயே சென்டர் முதலாளி பழனிசாமி. அவருக்குப் பின்னால் சீனியர் டெக்னீஷியன் சின்னராஜ்.

"நீதான் நவாஸோட தங்கச்சியா?"

"ஆமாங்க சார். எங்கண்ணன் அப்படிப்பட்டவங்க இல்லீங்க சார்!"

"எல்லாத் தங்கச்சியும் இதத்தான் சொல்லும்." வேடியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கேட்டுக்கோ. நேத்து சாயந்திரம் நாலு பத்துக்கு மேக்ஸ்வெல் இங்க எக்ஸ்ரே எடுத்திருக்காரு. அப்ப உசிரோட இருந்தாரு. அஞ்சே முக்காலுக்கு குப்பனூர் ரோட்டுப் பள்ளத்துல பொணம். பின்மண்டையில அடி. பக்கத்துல ரத்தச் சட்டையோட உங்கண்ணன்!"

"அவரத் தூக்க எறங்கியிருப்பாங்க சார்! நாலே கால் வரைக்கும் சேலத்துல செவ்வாய்ப்பேட்டை மண்டியில அவங்க வேன்ல அரிசி மூட்ட ஏத்திக்கிட்டு இருந்தாங்க!"

"தெரியும். மண்டி கேமராவுல இருக்கான். அப்புறந்தானே மலை ஏறினான்? வேனுக்கு வழி விடலேன்னு நாலு நாள் முன்னால பஸ் ஸ்டாண்டுல மேக்ஸ்வெல்லப் பாத்து 'உருட்டி விட்டுருவேன்'னு கத்தியிருக்கான். இருபது பேர் சாட்சி!"



பழனிசாமி டீ கிளாஸை நீட்டினார். அவருடைய இடது கையில் நாலரை விரல். பாதிச் சுண்டுவிரலைச் சின்ன வயதில் காப்பிப் பழம் உரிக்கும் மெஷின் தின்றுவிட்டது.

"குடி கண்ணு. நல்ல வக்கீலா நான் பாக்கறேன். நேத்து மட்டும் நான் கல்யாணத்துக்குச் சேலம் போகாம இருந்திருந்தா, மேக்ஸ்வெல்ல கூடவே போயி ஊட்ல விட்டிருப்பேன். நொம்ப நல்ல மனுசன்..."

நேற்று சனாவும் இல்லை. பரீட்சை. லீவு.

"படத்தக் காட்டுய்யா. கேஸ் கட்டுல வைக்கணும்," என்றார் வேடியப்பன்.

சின்னராஜ் கம்ப்யூட்டரைத் தட்டினான்.

"தானா நடந்து வந்தாருங்க சார். டீ குடிச்சாரு. நெஞ்சுல பிடிப்புன்னாரு. நிக்க வெச்சு எடுத்தேன். நடந்தே போயிட்டாரு."

திரையில் மேக்ஸ்வெல்லின் நெஞ்சு விரிந்தது. கீழே எழுத்துகள்: நின்ற நிலை. முழு மூச்சு. மாலை 4.10.

சனாவின் கண்கள் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தன.

மூச்சை முழுதாக இழுத்தால் நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும். அதற்கு மேலே முதுகுப் பக்கத்து விலா எலும்புகள் பத்து தெரியும். வகுப்பில் முதல் வாரப் பாடம்.

ஒன்று... இரண்டு... ஏழு.

ஏழுதானா?

எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ?

மறுபடி எண்ணினாள். ஏழு. திரையில் விரலை வைத்து எண்ணினாள்.

ஏழு!

"சார்... நான் சொல்றது தப்பா இருந்தாலும் இருக்கும்..."

"சொல்லும்மா."

"இதுல மேக்ஸ்வெல் சார் மூச்சே இழுக்கல!"

சின்னராஜ் சிரித்தான். "அறுவது வயசு மனுசன், சார். நெஞ்சு வலி. எங்க இழுப்பாரு? ஒரு மாசத்துல இது பெரிய டாக்டராயிருச்சு!"

சனாவின் முகம் சுருங்கியது. வாயை மூடிக்கொள்ளலாமா? அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது.

"போன வருஷம் எடுத்த அவரோட படம் இருக்கும். அதையும் தொறங்கண்ணா."

"எதுக்கு?"

"தொறய்யா!" வேடியப்பன் அதட்டினார்.

இரண்டு மேக்ஸ்வெல்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள்.

"பழசுல பத்து விலா. சரி, நேத்து இழுக்கலேன்னே வெச்சுக்குவோம். இங்க பாருங்க சார், எடது பக்கம் கீழே, வயிறு. நின்னா வாயு மேல போயிரும், குடிச்ச தண்ணி, டீ எல்லாம் கீழ தங்கும். நடுவுல ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி கோடு. பழசுல இருக்கு. புதுசுல எங்க?"

வேடியப்பன் திரையில் மூக்கை ஒட்டினார். "இல்லியே!"

"படுக்க வெச்சு எடுத்தா அந்தக் கோடு வராது சார். இவரு நிக்கல. படுத்திருக்காரு!"

"அது... தல சுத்துதுன்னாரு... படுக்க வெச்சேன்..." சின்னராஜின் நெற்றியில் வியர்வை. ஏற்காட்டுக் குளிரில்!

"இப்பத்தான் நிக்க வெச்சேன்ன? நடந்தே போயிட்டாருன்ன?" வேடியப்பன் எழுந்தார். "படுத்திருக்காரு. மூச்சும் இழுக்கல. நீ பொய் வேற சொல்றே. சின்னராஜு... நீ படம் புடிச்சது பொணத்தையா?"



சின்னராஜ் ஒரு முறை பழனிசாமியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நாந்தானுங்க. வாக்குவாதம்... தள்ளிவிட்டேன். மேஜ முனையில மண்ட அடிச்சிருச்சு. நான் மட்டுந்தான்!"

பளார்!

பழனிசாமி அறைந்த அறையில் சின்னராஜ் சுவரில் மோதினான்.

"அடப்பாவி! என் சென்டர்லயாடா! சார், இவன இழுத்துட்டுப் போங்க! கண்ணு, நீ கெட்டிக்காரி!"

சின்னராஜின் கையில் விலங்கு விழுந்தது. "பொணத்துக்கிட்ட பொய் சொல்லச் சொன்னா அது ஒழுங்காவா சொல்லும்?" என்றபடி வேடியப்பன் தொப்பியை எடுத்தார்.

அண்ணன் பிழைத்தான். சனா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் கண் திரையை விடவில்லை. ஏதோ உறுத்தியது. நோட்டைப் புரட்டினாள். படத்தில் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் கடைசி வரி: தோள்பட்டை எலும்பு.

"சார்! ஒரு நிமிஷம்!"

"இன்னும் என்னம்மா?"

"படுத்திருக்கறவருக்குத் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேலயே விழும். நின்னு, முழங்கைய முன்னால தள்ளி போர்டக் கட்டிப் புடிச்சாத்தான் வெளிய நகரும். இதுல வெளிய நகந்திருக்கு. செத்தவரு எப்படி நகத்துவாரு?"

"எப்படி?"

"யாரோ அவரு கைய இழுத்துப் புடிச்சிருக்காங்க. நின்ன மாதிரி தெரியட்டும்னு. சார்... பட்டன் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கு. படுக்க வெக்கற மேஜ இங்க இருக்கு. சின்னராஜ் அண்ணா ஒரே ஆளு. ரெண்டு எடத்துல எப்படி நிப்பாரு?"

பழனிசாமி சிரித்தார். "கண்ணு, உனக்கு நொம்பக் கற்பனை..."

"இந்தப் படத்தோட ஓரத்த வெட்டியிருக்காங்க சார். ஆனா வெட்டறது திரைக்கு மட்டுந்தான். முழுப் படமும் உள்ளயே இருக்கும்."

மவுஸை நகர்த்தினாள். தப்பாக இருந்தால்?

க்ளிக்!

படம் பக்கவாட்டில் அகலமாகியது.

மேக்ஸ்வெல்லின் மேற்கை. அதைப் பிடித்துக்கொண்டு... இன்னொரு கை!

எலும்புக் கை. கட்டை விரல். ஆள்காட்டி. நடு. மோதிரம்.

அப்புறம், பாதியில் முடிந்துபோன ஒரு சுண்டுவிரல்!

பழனிசாமியின் இடது கை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் நுழைந்தது.

"கைய வெளிய எடுங்க," என்றார் வேடியப்பன். மெதுவாக.

"சார்... நான் நாலு பத்துக்கு கல்யாணத்துல இருந்தேனுங்க! போட்டோ இருக்கு!"

"மெசின் கடியாரத்த மூணு மணி நேரம் தள்ளி வெச்சாருங்க!" சின்னராஜ் வெடித்தான். "மத்தியானம் ஒண்ணு பத்துக்கு எடுத்தது! நாலு பத்துல உசிரோட இருந்த மாதிரி காட்டத்தான்! குப்பனூர் ரோட்டுல பனி எறங்குனதும் பள்ளத்துல தள்ளிட்டு, அப்படியே கல்யாணத்துக்குப் போனாரு! தள்ளிவிட்டதும் இவருதான்! மாட்டுனா நீ மட்டும் ஒத்துக்கோ, ஒரு வருசத்துல வெளிய எடுத்தர்றேன்னாரு. பாத்தீங்களா, அறையறத!"

"எதுக்குய்யா கொன்னாரு?"

வெளியே பெஞ்சில் முத்தாயி இருமினாள்.

மொத மொதலா இந்த மெசினுக்கு முன்னால...

சனா கம்ப்யூட்டரில் முத்தாயியின் பெயரைத் தட்டினாள். வந்தது! போன மாதம் எஸ்டேட் மெடிக்கல் செக்கப்பில் எடுத்ததாக ஒரு நெஞ்சுப் படம். சுத்தமான நுரையீரல். ஐந்தாவது விலாவில் பழைய முறிவு. அடுத்த பெயர், சித்தன். அதே முறிவு. அடுத்தது... அதே! பட்டியலின் கடைசிப் பெயர் வரை அதே!

"சார், எஸ்டேட்டுல நாப்பது பேருக்கு மெடிக்கல் செக்கப். நாப்பது பேருக்கும் ஒரே விலா ஒடஞ்சிருக்கு!"

"அது என்னோட விலாங்க," என்றான் சின்னராஜ், தலை குனிந்தபடி. "யாரையும் எடுக்காம, என் படத்தையே எல்லாருக்கும் போட்டுப் பணத்த வாங்கிட்டோம். முத்தாயி ரத்தமா துப்புனதும் மேக்ஸ்வெல்லுக்குச் சந்தேகம். அவள நேர்ல போயி எடுக்கச் சொல்லிட்டு, நேத்து எங்ககிட்ட கேக்க வந்தாரு..."

நாலரை விரலுக்கும் சேர்த்து விலங்கு பூட்டப்பட்டது. வேடியப்பன் போனில் கத்தினார்.

"யோவ், அந்த நவாஸ வெளிய விடு! டீ வாங்கிக் குடுத்து அனுப்பு!"

சனா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"முத்தாயிக்கா... வாங்க."

முத்தாயி மறுபடி போர்டைக் கட்டிப் பிடித்தாள். மோவாய் மேலே. தோள்கள் முன்னால். கண்ணாடிக்குப் பின்னால், சனாவுக்குப் பக்கத்தில் வேடியப்பனும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"மூச்ச நல்லா இழுங்க... புடிச்சுக்குங்க..."

க்ளிக்!

பத்து விலா. வலது மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. இந்த முறை அதை மறைக்க யாரும் இல்லை. இன்றைக்கே டாக்டரிடம் போய்விடும்.

"விட்டுருங்கக்கா."

முத்தாயி நீளமாக மூச்சு விட்டாள். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"நான் உட்டுட்டேங்கண்ணு... உங்க பக்கத்துல கன்னத்த உப்பிக்கிட்டு நிக்கறாரே போலீசுக்காரரு, அவரையும் உடச் சொல்லுங்க!"