பின்னாத நாகங்கள்

வாசக அன்பர்களே! வெள்ளாற்றின் தென்கரையில் மருத மரங்களின் நிழல் நீண்டு நீரோடு நீராய்க் கறுத்துவந்த அந்திவேளையில், எயில்மங்கலக் கோட்டையின் நந்தவனத்துக்குள் எம்மோடு வாருங்கள். எதிர்க்கரையில் மாதக்கணக்காய் முற்றுகையிட்டிருந்த மன்னன் விக்கிரமகேதுவின் பாசறையில் இன்று மணமுரசு அதிர்கிறது. களஞ்சியம் காலியாகிக் குழந்தைகள் பசியால் துவண்டபோது, இளவரசி வரகுணவல்லியைத் தனக்குக் கொடுத்தால் படை விலகும் என்று அவன் தூதனுப்பினான். அவளும் இசைந்துவிட்டாள். நாளை விடியலில் அவள் பல்லக்கு ஆற்றைக் கடக்கும்.

ஆயினும் அவள் உள்ளம் அரசவைக் கவிஞன் ஐயாறனிடம் அல்லவா இருந்தது! முற்றுகைக்கு முன்பு எங்கிருந்தோ வந்தவன் அவன், சித்திரகவியில் வல்லவன். பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகளை அவள் வெண்பட்டில் வரைவாள். அவற்றின் உடல்களில் இரண்டு வெண்பாக்களை எழுத்தெழுத்தாக அவன் நிரப்புவான். பாம்புகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஓரெழுத்தே இரண்டு பாட்டுக்கும் பொதுவாய் நிற்கும். அந்த எழுத்துகளைத் தேடிக் குனிந்த தலைகள் இரண்டும் ஒருநாள் மோதிக்கொண்டன. அதன்பின் அவர்கள் பேசியது பாட்டைப் பற்றி மட்டுமல்ல.

இன்று மணப்பரிசாக ஐயாறன் நீட்டிய வெண்பட்டை விரித்த வரகுணவல்லி திடுக்கிட்டாள். அதில் இரண்டு நாகங்கள் அருகருகே நேராய்க் கிடந்தன. ஓரிடத்திலும் தொடவில்லை.

"கவிராயரே, இவை ஏன் பின்னவில்லை?"

"பின்ன வைக்க முயன்றேன், தேவி. பொது எழுத்து ஒன்றுகூட அகப்படவில்லை."

"தங்களுக்கா? என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள்!"

ஐயாறன் மண்டியிட்டான்.

"நான் கவிஞன்தான், ஆனால் ஒற்றனாக வந்த கவிஞன். விக்கிரமகேதுவின் உடன்பிறந்த தம்பி. கோட்டையின் பலவீனத்தை அறிய வந்தவன், தங்களை அறிந்தபின் அண்ணனுக்கு ஒரு சொல்கூட உளவு அனுப்பவில்லை. 'போர் வேண்டாம், இந்தப் பெண்ணை மணம் பேசுங்கள்' என்று மட்டுமே சொல்லியனுப்பினேன். எனக்காகக் கேட்டேன், தேவி! தங்கள் அழகையும் அறிவையும் பாடி அனுப்பினேன். பாட்டைக் கேட்ட அண்ணன் தனக்காகவே பேசிவிட்டார்."

வரகுணவல்லி ஆற்றை நோக்கித் திரும்பினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"சுரங்கவழி ஒன்று உண்டு," என்றான் அவன். "இப்போதே புறப்பட்டால்..."

"புறப்பட்டால் விடிந்ததும் இந்தக் கோட்டை எரியும். பசித்த குழந்தைகளின் பிணங்கள்மேல் நாம் வாழ்வோமா?"

அவன் தலை கவிழ்ந்தான். உடைவாளைத் தொட்டு, "அண்ணனின் நாட்டில் இனி என் நிழலும் விழாது, இது ஆணை," என்றான்.

அவனைத் தொடுவதற்காக எழுந்த கையை அவள் பாதிவழியில் நிறுத்திக் கூப்பினாள்.

"சுரங்கவழியே தனியாகச் சென்றுவிடுங்கள்," என்றாள். பிறகு, அந்தச் சொல்லுக்காக உயிரையே திரட்டியவள்போல, "போய் வாருங்கள், கொழுந்தனாரே!" என்றாள்.