கடைமடை நடவு

தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிடிக்க ஆள் இல்லை.

சாமிதுரை தோள்பையை இறக்காமல் நின்று பார்த்தார். கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியாக நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற நல்ல தண்ணீர் அது. அவர் ஊரில் இருந்த காலத்தில் அந்தக் குழாயடியில் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் விடிவதற்கு முன்பே வரிசை போட்டுக் கிடக்கும். ஒரு குடம் முன்னால் நகர்ந்துவிட்டது என்று இரண்டு வீட்டார் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததுகூட உண்டு. இப்போது தண்ணீர் தன்பாட்டுக்கு விழுந்து, சிமெண்டு மேடையில் தெறித்து, சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மேடையைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குப் புல். யாரும் மிதிக்காத புல்.

குழாயை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மூன்றாவது போகமும் கருகிப்போன பிறகு, திருப்பூரில் மகள் தமிழ்நிலா வீட்டில் தங்கிக்கொண்டு ஒரு மில் வாசலில் காவலுக்கு இருக்கப் போனவர் அவர். பெண்டாட்டி அம்சம் அவரோடு வர மறுத்துவிட்டாள். நிலத்தை யார் பார்ப்பது என்று கேட்டாள். அதுவும் சரிதான். அப்பன் காலத்தில் அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்த குடும்பம். அடியும் வழக்குமாக அலைந்து கைக்கு வந்த ஐந்து மா நிலம். வாரம் ஒருமுறை போனில் அம்சம், "இங்க எல்லாம் நல்லாருக்குங்க, தண்ணி நல்லாருக்கு" என்பாள். சாமிதுரை கட்சிக்காரனை நம்பமாட்டார், சொசைட்டியை நம்பமாட்டார், டிவியில் மழை சொல்கிறவனையும் நம்பமாட்டார். அவளை நம்பினார். போன வாரம் அவள், "புரட்டாசியில நடவு, வந்துடுங்க" என்று கூப்பிட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். இனிமேல் இந்த நிலமும் அவளும் போதும் என்றுதான் வந்தார்.

அன்று சாயங்காலம் போர் மோட்டாரைப் போட்டார். முதல் தண்ணீர் குழாயில் இருமி, செம்மண் கக்கி, பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்து விழுந்தது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் செய்வதுபோல ஒரு கை அள்ளி வாயில் விட்டு, நாக்கில் வைத்திருந்தார்.

துப்பினார்.

பத்து வயதில் கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் பாத்தி மிதித்த ஆள். உப்பு எது, கரிப்பு எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது போர்த் தண்ணீரின் சப்பைக் கரிப்பு இல்லை. கடல். மீனின் வாடையோடு, நுரையின் வழவழப்போடு, கடல்.

"ஏ அம்சம்! இங்க வா. இதைக் குடிச்சுப் பாரு."

அவள் வந்தாள். குனிந்து குழாயிலேயே வாயை வைத்தாள். ஒரு மடக்கு இல்லை. தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்கக் குடித்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது உதட்டோரத்தில் தண்ணீர் காய்ந்து மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"நல்லாத்தானேங்க இருக்கு," என்றாள்.

பக்கத்து வயல் வரப்பில் அவள் தம்பி தமிழ்மாறன் உட்கார்ந்து சிரித்தான்.

"என்ன மாமா, திருப்பூர்ல சாயத்தண்ணி குடிச்சு நாக்கு செத்துப்போச்சா?"

"டேய் மாறா, நீ குடிடா பார்ப்போம்."

"காலையிலேர்ந்து அதைத்தான் குடிக்கிறேன். இனிக்குது மாமா. அக்கா, மாமாவுக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடு. பாவம், பெரிய ஊர்லேர்ந்து வந்திருக்காரு."

அம்சமும் சிரித்தாள். சாமிதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை வயல்கள் எல்லாம் உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டித் தயாராகக் கிடந்தன. இத்தனை அழகாகச் சேறடித்த வயலை அவர் பார்த்து வருடக்கணக்காயிற்று. ஆனால் அந்தப் பரப்பு முழுக்க எங்கேயும் ஒரு துண்டு பச்சை இல்லை. ஒரு நாற்றங்கால்கூட இல்லை.

"நாளைக்கு நடவுங்கிறீங்க. நாத்து எங்கடா?"

தமிழ்மாறன் சிரிப்பதை நிறுத்தினான். அக்காவைப் பார்த்தான்.

"வரும் மாமா," என்றான்.

வீட்டுக்குள் ஒரு வாடை இருந்தது. கருவாட்டு வாடை என்று முதலில் நினைத்தார். அடுப்படியில் தேடினால் கருவாடு இல்லை. சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து, தொட்டால் விரலில் வெள்ளைத் தூளாக வந்தது. சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்துவந்து, அந்தத் தண்ணீரையும் திருப்பூரிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் வைத்து ஓட்டினார். அவர் அந்தக் குடத்தோடு தெருவில் நடந்தபோது வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். சாராயக் கடையிலிருந்து வருகிறவனைப் பார்ப்பதுபோல.

விளக்கு வைத்த பிறகு அம்சம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் போர்த் தண்ணீரை நிரப்பி, இரண்டு காலையும் உள்ளே விட்டு, கதவைப் பார்க்க உட்கார்ந்தாள்.

"என்னடி இது?"

"பித்த வெடிப்புங்க. ஊற வச்சா சுகமா இருக்கு."

அவர் பாயில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் காலை அசைக்கிற சளப் சளப் இல்லை. அவள் அசையவே இல்லை. ஆனாலும் டப்பிலிருந்து மெல்லிய ஓர் உறிஞ்சும் சத்தம், குழந்தை பால் குடிப்பதுபோல, விட்டுவிட்டு, நிதானமாக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து போனாள். டப்பு காலியாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மறுநாள் ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்து மடியில் மறைத்துக்கொண்டு, டவுனில் இருக்கும் வேளாண் ஆபீசுக்குப் பஸ் ஏறினார். ஆபீஸ் என்றாலே அவருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் வேறு நாக்கு ஒன்று வேண்டியிருந்தது. அங்கே ரசியா பேகம் என்கிற பெண் அதிகாரி பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டாள். எண்ணைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள்.

"ஐயா, கடல்ல மொண்டுகிட்டு வந்தீங்களா?"

"எங்க போர்லம்மா."

அவள் பெருமூச்சு விட்டாள். "உலகம் பூரா சூடாகுது, எங்கேயோ பனிமலை உருகுது, கடல் ஏறுது. ஆத்துத் தண்ணி கடைமடை வரைக்கும் வந்து எதிர்த்துத் தள்ளுனா கடல் அங்கேயே நிக்கும். தண்ணி வரலை. நாமளும் ஆழமா போர் போட்டு உறிஞ்சுறோம். அது மண்ணுக்கு அடியிலேயே ஏறி வந்துடுச்சு."

"எங்கேயோ உருகுறதுக்கு எங்க வயல் என்னம்மா பண்ணுச்சு? யாரு பண்ணுன தப்பு?"

"எல்லாரும் பண்ணுனதுதான் ஐயா."

"எல்லாரும்னா, கேக்குறதுக்கு ஒருத்தனும் இல்லைன்னு அர்த்தம்."

அவள் ஊர்ப்பெயரைக் கேட்டாள். பதிவேட்டைப் புரட்டினாள். நெற்றி சுருங்கியது.

"உங்க ஊர்லேர்ந்து ரெண்டு வருஷமா ஒரு புகார்கூட இல்லீங்களே. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து சண்டை போடுறாங்க. பாதிப்பேரு வீட்டைப் பூட்டிட்டு திருப்பூர், சென்னைன்னு போயிட்டாங்க."

"எங்க ஊர்ல என்னைத் தவிர ஒருத்தரும் போகலை."

"அப்ப எதைக் குடிச்சு இருக்காங்க?"

சாமிதுரை பாட்டிலைப் பார்த்தார். மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் ஒரு படிவம் கொடுத்தாள். ஊரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்பலாம், வாய்க்கால் முகத்தில் தடுப்புக் கட்டக் கேட்கலாம் என்றாள். அவர் அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டார். முதல் கையெழுத்து அம்சம். அவள் போட்டால் ஊர் போடும். அவள் போடுவாள். திருப்பூருக்கு வர மறுத்ததைத் தவிர, நாற்பது வருடமாக அவர் கேட்ட எதற்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டிலிருந்து ஊருக்கு ஒரு மைல் நடை. பாதி வழி வந்த பிறகுதான் என்ன குறைகிறது என்று உறைத்தது. தவளைச் சத்தம் இல்லை. இத்தனை தண்ணீர் கட்டிக்கிடக்கிற வயலில், புரட்டாசி அந்தியில், ஒரு தவளைகூட இல்லை. கொக்கு இல்லை. வீடுகளில் விளக்கு இல்லை. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. வாசல்களில் செருப்புகள் மட்டும் ஜோடி ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அவர் வீட்டு வாசலில் அம்சத்தின் செருப்பு.

"அம்சம்!"

வீட்டில் ஆள் இல்லை. வயல் பக்கம் நடந்தார். கொஞ்சம் வேகமாக.

தமிழ்மாறன் வயலுக்குள் வரப்போரமாக நின்றுகொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு.

"எங்கடா போனீங்க எல்லாரும்? இதுல ஒரு கையெழுத்துப் போடு. தண்ணி கடல் தண்ணின்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"கடல் தண்ணிதான் மாமா," என்றான் அவன் அமைதியாக.



"அப்புறம் ஏன்டா இனிக்குதுன்ன?"

"எங்களுக்கு இனிக்குது. ஊரை விட்டுப் போறதில்லைன்னு பேசி முடிவு பண்ணுனோம். அடிபட்டு வாங்குன நிலத்தை விட்டுட்டு எவன் மில் வாசல்ல போயி நிக்கிறதுன்னு அக்காதான் கேட்டுச்சு. அக்காதான் முதல்ல குடிச்சுச்சு. மூணு நாள் வாந்தி. அப்புறம் பழகிடுச்சு. அதைப் பார்த்துத்தான் நாங்கல்லாம்."

"எங்கிட்ட ஏன்டா ஒருத்தரும் சொல்லலை?"

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு அக்காதான் வேண்டாம்னுச்சு. அவரு அங்கேயே நல்ல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கட்டும், நடவுக்கு மட்டும் கூப்பிட்டுக்கலாம்னுச்சு."

இரண்டு வருடம். நூறு போன். நூறு தடவை, தண்ணி நல்லாருக்குங்க.

போன் வருகிற நாளில், மில் வாசலில் இராத்திரி பூரா விழித்திருந்து, விடிந்ததும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் தூங்கப் போவார். அந்தக் குரல். அதுவா பொய் சொன்னது?

"அவ எங்கடா?"

தமிழ்மாறன் தனக்குப் பின்னால் இருட்டத் தொடங்கிய வயலுக்குள் கையை நீட்டினான்.

வயலில் ஊர் நின்றுகொண்டிருந்தது. கயிறு பிடித்த மாதிரி நேர்கோடு. ஆளுக்கும் ஆளுக்கும் ஒரே இடைவெளி. ஆண், பெண், பிள்ளை குட்டி எல்லாரும். வரிசைக்குப் பின்னால் வரிசை. எல்லா முகமும் கிழக்கே. ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் கொசு விரட்டவில்லை. காற்று வந்தது. எல்லாரும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தார்கள். எல்லாரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

அவருடைய ஐந்து மாவில், முதல் வரிசையில், அம்சம். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி.

சாமிதுரை வயலுக்குள் இறங்கினார். சேறு முழங்காலைப் பிடித்தது. போய் அவள் கையைப் பிடித்தார்.

"வாடி வீட்டுக்கு."

"நல்லாருக்குங்க இங்க."

"வாடீங்கிறேன்!"

அக்குளில் கைகொடுத்து இழுத்தார். வரவில்லை. மறுபடி, பலங்கொண்ட மட்டும். அடியில் ஏதோ அறுந்தது. நாற்றங்காலில் நாற்று பறிக்கும்போது வருகிற அதே சத்தம். நறநறவென்று. அந்த நொடியில் வயல் முழுக்க நின்ற அத்தனை பேரும் ஒரே வாயாக முனகினார்கள். கடைசி வரிசைக் குழந்தைகூட.

புடவை விலகியது. பார்த்தார்.

கணுக்கால் இருந்தது. அதற்குக் கீழே பாதம் இல்லை. வெள்ளை. கொத்துக் கொத்தாக, ஈர நூலாக, சேற்றுக்குள் பிரிந்து பிரிந்து போன வெள்ளை. அறுந்த நுனிகள் மெதுவாகத் துழாவின. மண்ணைத் தேடின. கண்டுகொண்டன.

"வலிக்குதுங்க," என்றாள் அம்சம். அழவில்லை. கோபமும் இல்லை. "உங்களுக்கும் முதல்ல வலிக்கும்."

"ஏன்டி... எங்கிட்ட ஏன்டி..."

"தனியா விட்டுட்டுப் போனீங்களே. நான் என்ன பண்றது?"

கிழக்கே வாய்க்காலில் சத்தம் கேட்டது. ஆறு வருகிற திக்கு அதுவல்ல. நுரை ஒன்று வெளுப்பாக, எதிர்த்து, மேடு நோக்கி வந்தது. வரிசைகள் எல்லாம் வாயைத் திறந்தன.

அவர் காலை எடுக்கப் பார்த்தார். வலது கால் வந்தது. பாதி.

அம்சம் இடுப்பிலிருந்து குனிந்தாள். ஒரு நாளும் பிசகாத நடவுக் குனிவு. கட்டைவிரலையும் இரண்டு விரலையும் கூட்டி அவர் கணுக்காலைப் பிடித்தாள். நாற்றின் அடியைப் பிடிக்கிற பிடி. இறுக்கமில்லை. விடவுமில்லை. சாய்ந்திருந்ததை நேராக்கினாள். சேற்றில் ஓர் அழுத்து. விரலை எடுத்துவிட்டுச் சுற்றிலும் மண்ணை அணைத்துவிட்டாள்.

பிறகு, தலை நிமிராமல், அவருடைய இடது காலுக்குக் கையை நகர்த்தினாள்.