பதில் சொல்லாமல் எழுந்தவள்

மொட்டைமாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்த யமுனா, வாசலில் கணவரின் செருப்பைப் பார்த்தாள். மழையில் ஊறிக் கறுத்த தோல் செருப்பு. இடதுகால் வார் அறுந்தபோது அவளே நீல நூல் கோத்துத் தைத்துக் கொடுத்தது.

"வந்துட்டேளா?"

வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் இல்லை, அறையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. ஆராவமுதன் மத்தியானமே மாத்திரை வாங்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தார். அவருக்கு இருப்பதே இந்த ஒரு ஜோடிதான்.

செருப்புதானே என்பீர்கள், கண்ணுகளா. யமுனாவும் தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கூடத்துக்குள் கால் வைக்க மனம் வரவில்லை. மின்சாரம் போயிருந்தது. அவள் விட்டுப்போன குத்துவிளக்கு இரண்டு பலகைகளுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்தது. ஒன்று அவளுடைய பலகை. மற்றது எதிராளியுடையது.

பழைய தத்துவ நூல்களுக்கு உரை சொல்லி, போனில் பதிவு செய்து, கேட்கும் பெண்களுக்கு அனுப்புவது அவள் வழக்கம். அப்படி உரை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எதிராளியின் கட்சியைச் சொல்ல வேண்டும், பூர்வபட்சம் என்பார்கள். ஏனோதானோவென்று அல்ல, எதிராளியே வந்து உட்கார்ந்து வாதாடுவதுபோலச் சொல்ல வேண்டும். அதற்காகவே அந்த வீட்டில் எதிரே ஒரு வெறும் பலகை போடுவார்கள். பிறகு அதை மறுத்துத் தன் கட்சியை நிலைநாட்ட வேண்டும். தொண்டை வறண்டாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி, நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எதிராளியைப் பதிலில்லாமல் உட்கார வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஏன் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இன்றைக்கு எழுந்துவிட்டாள். கீழ்வீட்டு ஷெர்லின், "மாமி! மழை கொட்டப்போகுது, மாமா வேட்டியெல்லாம் மாடியில காயுது! அப்புறம் என்னைத் திட்டாதீங்க!" என்று கத்தினாள். யமுனா எதையும் யோசிக்காமல் ஓடினாள்.

ஓடுவதற்கு முன், எதிராளியின் கட்சியாக அவள் சொல்லியிருந்தது இது. நேற்றிருந்தவரே இன்றும் இருக்கிறார் என்கிறாயே, என்ன சான்று? இந்தச் சுடரைப் பார். ஒன்றே என்று நினைக்கிறாய். கணத்துக்குக் கணம் ஒன்று அணைகிறது, அதே இடத்தில் அதேபோல் இன்னொன்று பிறக்கிறது. மனிதரும் அப்படித்தான். போனவர் போய்விட்டார். வந்தவர் அவரைப்போல இருக்கிறார், அவ்வளவே.

அதை அவள் கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் சொல்லிவிட்டாள். ஆடி மாதத்தில் ஆராவமுதனுக்கு நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பியவர், ஜன்மத்தில் தொடாத பாகற்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தூக்கத்தில் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். எல்லாம் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இவர் அவர்தானா என்று தெரியவில்லை என்பதை ஒரு மனைவி யாரிடம் போய்ச் சொல்வாள்? அதனால்தான் இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாள். 'அவரேதான் இவர்' என்ற பதிலைத் தன் வாயாலேயே சொல்லித் தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும்.

படிக்கட்டில் காலடி கேட்டது. கைப்பிடியைத் தட்டித் தட்டி ஏறும் பழக்கமான நடை.

"யமுனா, ஒரு துண்டு கொண்டா. சத்திரத்துல கூட்டம் தாங்கலை. ஒண்ணாம் நம்பர் பஸ்ல தொங்கிண்டு வந்தேன். நெஞ்சைத் தைச்சவன் பார்த்திருந்தா காலையும் சேர்த்துத் தைச்சிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரேதான். அவரைத் தவிர யார் இப்படிப் பேசுவார்கள்? ஓடிப்போய்த் துண்டை எடுத்து வந்தாள். அதற்குள் அவர் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் அல்ல. தரையில், எதிராளியின் பலகையில். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தரையில் உட்கார்ந்ததே இல்லை. ஈரச்சட்டையிலிருந்து மழைவாசனை வரவில்லை. அப்போதுதான் அணைந்த திரியின் கரிவாசனை வந்தது.

"ஏன்னா, அங்கே உட்காராதீங்கோ."

அவர் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யமுனா வாசலுக்கு வந்தாள். ஷெர்லினைக் கூப்பிடத்தான். ஆனால் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு இருந்தது. இரண்டிலும் இடது வாரில் நீல நூல். இரண்டிலும் அவள் தப்பாகப் போட்ட அதே கோணல் முடிச்சு.

கைப்பிடியைத் தட்டித் தட்டி யாரோ ஏறி வந்தார்கள்.

"யமுனா, ஒரு துண்டு கொண்டா. சத்திரத்துல கூட்டம் தாங்கலை."

குரலில் மூச்சு வாங்கும் இடம்கூட மாறவில்லை. படித் திருப்பத்தில் ஆராவமுதன். அவருக்குப் பின்னால், ஒரு படி கீழே, ஆராவமுதன். அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு ஈரத்தலை. அதற்கும் கீழே, இருட்டுக்குள், கைகள் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தன. ஒவ்வொருவரும் செருப்பை ஓரமாக, ஒழுங்காக, கழற்றி வைத்தார்கள்.

கரிவாசனை.

"சொல்லு யமுனா," என்றார் பலகையில் இருந்தவர். மெதுவாக. கெஞ்சுவதுபோல. "நான்தான்னு சொல்லு."

"நான்தான்னு சொல்லு," என்றார் படியில் இருந்தவர்.

"சொல்லு," என்றது இருட்டு.

பதில் அவளுக்குத் தெரியும். மனப்பாடம். நேற்றுப் பார்த்தவளே இன்றும் பார்க்கிறாள். பார்க்கிறவள் மாறாமல் இருப்பதால்தான் 'அவரே இவர்' என்று அவளால் சொல்ல முடிகிறது. இதைச் சொன்னால் போதும். பலகையில் உட்கார்ந்து சொன்னால் போதும்.

திரும்பினாள். ஓடினாள். தன் பலகைக்கு முன்னே வந்து நின்றாள்.

பலகை காலியாக இல்லை.

அவள் கட்டியிருந்த அதே அரக்குப் புடவை. மடியில் போன். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதில் சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அந்த யமுனா, எழுந்தே இராத யமுனா, நிமிர்ந்து பார்த்தாள். படியேறி வந்து கூடம் நிறைய நின்றவர்களைப் பார்த்தாள். கையில் துண்டோடு நின்றவளைப் பார்த்தாள்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்:

"நீங்கள்ளாம் யாரு?"